வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு? வகைகளும் தேர்வும்



சபுரில் இருக்கும் வாப்பா வேலை முடிந்து வந்து பிள்ளைகளின் முகம் பார்ப்பது அலைபேசித் திரையில்தான். கல்லூரி விண்ணப்பம், தேர்வு முடிவு, மின் கட்டணம், ஹஜ் விண்ணப்பம், ஆன்லைன் தஜ்வீத் வகுப்பு என்று வீட்டின் பல காரியங்கள் இணையத்தைச் சார்ந்துவிட்டன. ஆனால் இணைப்பு எடுக்கும்போது மட்டும் "எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு?" என்ற இரண்டே கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். பிறகு படம் உறைந்து நின்றால் இன்னும் அதிக வேகத் திட்டத்திற்கு மாறுகிறோம். பணம் கூடுகிறது; படம் உறைவது மட்டும் நிற்பதில்லை. ஏனென்றால் கோளாறு பல நேரங்களில் வேகத்தில் இல்லை. இணைப்பின் வகையிலோ, வீட்டுக்குள் அது பரவும் விதத்திலோ இருக்கிறது.

இணையத்தில் இணைய என்னென்ன வழிகள் உள்ளன, ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் தெரிய வேண்டிய நான்கு விஷயங்கள்

பதிவிறக்க வேகம்: இணையத்திலிருந்து நம் கருவிக்கு வரும் வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

பதிவேற்ற வேகம்: நம் கருவியிலிருந்து வெளியே போகும் வேகம். வீடியோ அழைப்பில் நம் முகமும் குரலும் அந்தப் பக்கம் போவது இதன் வழியாகத்தான். "நீங்கள் தெரிகிறீர்கள், எங்களைத் தெரிகிறதா?" என்று கேட்கும் நிலை வருவதற்குப் பல நேரங்களில் பதிவேற்றம் குறைவாக இருப்பதே காரணம்.

தாமதம்: ஒரு தகவல் போய்ப் பதில் திரும்பி வர எடுக்கும் நேரம். இது மில்லி விநாடியில் அளக்கப்படும். தாமதம் அதிகமானால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொள்வோம்.

டேட்டா அளவு: நாளுக்கோ மாதத்திற்கோ எத்தனை ஜிபி என்ற வரம்பு. வரம்பு தாண்டினால் வேகம் பெருமளவு குறைக்கப்படும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு பைட் கணக்கில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். "100 என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகும் முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

1. டயல்-அப்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி, ஓர் எண்ணுக்கு டயல் செய்து இணையும் முறை அது. இணையத்தில் இருக்கும் நேரம் முழுவதும் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வராது. இதன் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். இன்று அலைபேசியில் எடுக்கும் 5 எம்பி புகைப்படம் ஒன்று அந்த வேகத்தில் வந்து சேர ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். இப்போது இது வரலாறு மட்டுமே.

2. டிஎஸ்எல்

அதே செம்புத் தொலைபேசிக் கம்பியில் பேச்சுக்கு ஓர் அலைவரிசை, இணையத்துக்கு வேறோர் அலைவரிசை என்று பிரித்துப் பயன்படுத்தும் முறை இது. பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம். பி.எஸ்.என்.எல். 2005-ல் தொடங்கிய பிராட்பேண்ட் மூலம் நம் ஊர்களின் பல வீடுகளுக்கு முதல் நிலையான இணைப்பாக வந்தது இதுதான்.

இதன் பெரிய குறை தூரம். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறையும். மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினால் இணைப்பு மிகவும் நலிந்துவிடும். மழைத் தண்ணீர் இறங்கிய பழைய கம்பி இணைப்பும் கோளாறு செய்யும். பதிவேற்றம் பதிவிறக்கத்தை விட மிகவும் குறைவு. உங்கள் பகுதியில் ஃபைபர் வந்துவிட்டதென்றால் இதைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

3. கேபிள் இணைப்பு

தொலைக்காட்சிக்காகத் தெருவில் இழுக்கப்பட்ட கேபிள் வழியாகவே இணையமும் தருவது இம்முறை. டிஎஸ்எல்லை விட வேகம் அதிகம். ஆனால் ஒரு தெருவின் பல வீடுகள் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொள்வதால், எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும் இரவு நேரத்தில் வேகம் விழும். இன்று கேபிள்காரர்கள் பலர் ஃபைபருக்கு மாறிவிட்டனர். சிலர் தெருமுனை வரை ஃபைபரைக் கொண்டுவந்து, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி இழுப்பதும் உண்டு. "வீட்டுக்குள் வரப்போவது எந்தக் கம்பி?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

4. ஃபைபர்

தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒளியாகத் தகவலை அனுப்பும் முறை இது. பரவலாக உள்ள அமைப்பில், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை தெருவில் உள்ள பிரிப்பான் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு பதிவிறக்கத்தில் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ், பதிவேற்றத்தில் 1.25 ஜிபிபிஎஸ். வீட்டுக்குள் ஒரு சிறு கருவி ஒளியை மின் குறியீடாக மாற்றித் தருகிறது.

நிறைகள்: தூரத்தால் வேகம் குறைவதில்லை. தாமதம் மிகக் குறைவு. பல திட்டங்களில் பதிவேற்றமும் பதிவிறக்கத்திற்குச் சமமாகக் கிடைக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், செம்புக் கம்பி வழியே இடி மின்னல் வந்து மோடம் கருகுவது போன்ற சேதம் இதில் இல்லை. ஆனால் மின்சார இணைப்பு வழியே ஆபத்து வரலாம். இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது.

குறைகள்: சாலை தோண்டுதல், சாய்ந்த மரக்கிளை, எலி, அணில் எல்லாமே இழையை அறுத்துவிடும். அறுந்த இழையைக் கையால் முறுக்கி ஒட்ட முடியாது. அதற்கான கருவியோடு ஆள் வர வேண்டும். வீட்டுக்குள்ளும் இழையைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்துவிடக் கூடாது. மின்தடையில் கருவி நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டரிலோ, ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ்ஸிலோ இணைத்துக்கொள்ள வேண்டும்.

கிராமங்களுக்கு இதைக் கொண்டுசெல்லவே மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் உள்ளது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் ஊராட்சியில் ஃபைபர் வந்துள்ளதா என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. அலைபேசி டேட்டா

இன்று பெரும்பாலான குடும்பங்களின் முதல் இணைய இணைப்பு இதுதான். ஜியோ 2016 செப்டம்பர் 5-ல் சேவையைத் தொடங்கிய பிறகு டேட்டா விலை பெருமளவு இறங்கியது. 5ஜி சேவை இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

இதன் சிறப்பு, எங்கு சென்றாலும் கூடவே வரும். கம்பி வேண்டாம், ஆள் வந்து பொருத்த வேண்டாம். ஹாட்ஸ்பாட் போட்டால் கணினிக்கும் பயன்படும்.

ஆனால் ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெருநாளைக்கு ஊரே திரும்பி வந்திருக்கும்போது அலைபேசி இணையம் திணறுவதற்கு இதுவே காரணம். தடித்த சுவர் உள்ள வீட்டின் உள்ளறையில் சிக்னல் கிடைக்காது. தினசரி வரம்பும் இருக்கிறது: நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும் திட்டங்களே அதிகம். அது பழைய டயல்-அப் வேகம்.

தெளிவான ஒரு வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 1.2 எம்பிபிஎஸ் என்று கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1 ஜிபி செலவாகும். பிள்ளை ஒரு மணி நேர வகுப்பில் அமர்ந்து, இரவு ஒரு மணி நேரம் வாப்பாவிடமும் பேசினால் 2 ஜிபி முடிந்தது. தனியாள் பயன்பாட்டுக்கு அலைபேசி டேட்டா போதும். குடும்பத்திற்கு அதை மட்டும் நம்புவது சிரமம்.

6. ஏர்ஃபைபர்

பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு இழை வராது. மாடியிலோ வெளிச்சுவரிலோ பொருத்தும் ஒரு கருவி 5ஜி டவரிலிருந்து சிக்னலைப் பெற்று, கீழே உள்ள ரௌட்டருக்கு அனுப்பும். ஜியோ, ஏர்டெல் ஆகிய இரண்டும் 2023-ல் இதைத் தொடங்கின. ஃபைபர் இழுக்க முடியாத தெருக்களுக்கும், அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பங்களுக்கும் இது நல்ல மாற்று. ஆனால் இதன் பலம் டவரின் பலமே. டவரில் நெரிசல் கூடினால் இங்கும் வேகம் குறையும். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே பொருத்தியிருந்தால், இரவு நேரத்தில் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

7. செயற்கைக்கோள் இணைப்பு

பழைய முறையில் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மீண்டும் மேலே போய்க் கீழே வர, ஒளியின் வேகத்தில் சென்றாலும் அரை விநாடிக்கு நெருக்கமாகிவிடும். பேச்சுக்கு இது இடைஞ்சல். ஸ்டார்லிங்க் போன்ற புதிய முறையில் செயற்கைக்கோள்கள் 550 கிலோமீட்டர் அளவிலான உயரத்தில் சுற்றுவதால் தாமதம் பெருமளவு குறைகிறது.

இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் தொடங்கியது. இந்தியாவில் அந்நிறுவனத்துக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது. கம்பியும் டவரும் எட்டாத தோட்டம், தீவு, மலைப்பகுதி போன்ற இடங்களுக்கே இது உரியது. ஃபைபர் கிடைக்கும் ஊரில் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

8. பொது வைஃபை

ரயில் நிலையங்களில் ரயில்டெல் வழங்கும் வைஃபை, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வாணி திட்டத்தில் பெட்டிக்கடைகளும் வழங்கக்கூடிய வைஃபை ஆகியவை இவ்வகை. செய்தி படிக்க, வழி தேட இவை உதவும். பெயர் தெரியாத பொது வைஃபையில் இருந்துகொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பது, பணம் அனுப்புவது ஆகியவற்றைத் தவிர்த்து, அந்த வேலைக்கு மட்டும் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நம் கையில் இல்லாத இரண்டு

மேலே சொன்னவை எல்லாம் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட வழிகள். அதற்கு அப்பால் நாடுகளை இணைப்பது கடலடியில் கிடக்கும் கேபிள்கள். மும்பையும் சென்னையும் அவை கரையேறும் முக்கிய இடங்கள். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஒருசேர இணையம் முடங்கியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தபோதும் வேகம் குறைந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ரௌட்டரை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது, அந்தந்த நாட்டின் விதிகள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக அழைத்துப் பேச அனுமதி இல்லை. செய்தி மட்டும் அனுப்பலாம். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் வழியாகவே பேச வேண்டும். அங்கிருப்பவர் வாட்ஸ்அப்பில் அழைத்து வரவில்லை என்றால் அது நம் இணைப்பின் பழுதல்ல. தடையைச் சுற்றிச் செல்ல விபிஎன் போடுங்கள் என்று வீட்டார் வற்புறுத்த வேண்டாம். அது அவரைப் பெரும் அபராதத்தில் மாட்டிவிடலாம்.

வைஃபை வேறு, இணைப்பு வேறு

வைஃபை என்பது வந்த இணைப்பை வீட்டுக்குள் பரப்பும் வழி மட்டுமே. தெரு வரை நன்றாக வந்த தண்ணீர் வீட்டுக் குழாயில் ஒழுகுவது போல, பெரும்பாலான புகார்கள் இங்குதான் பிறக்கின்றன.

நம் ஊர்களின் பழைய வீடுகள் நீளமானவை, சுவர்கள் தடித்தவை. முன்வாசல் அறையில் ரௌட்டரை வைத்துவிட்டால், பெண்கள் புழங்கும் பின்கட்டுக்கு சிக்னல் போய்ச் சேராது. ரௌட்டர் வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், இரும்பு அலமாரிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் தள்ளி இருக்க வேண்டும். இணைப்பு பொருத்த ஆள் வரும் அன்றே இடத்தைச் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

ரௌட்டர் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவது குறைவு. ஒரே அறைக்குள் இருப்பவர் 5-லும், தூரத்து அறைக்காரர் 2.4-லும் இணைவது சரி. அதுவும் எட்டவில்லை என்றால் ரௌட்டரிலிருந்து பின்கட்டு வரை லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரௌட்டரை வைப்பதே நிரந்தரத் தீர்வு.

எந்த வீட்டுக்கு எது?

தனியாக இருக்கும் பெற்றோர், அழைப்பும் செய்தியும் மட்டும்: அலைபேசி டேட்டா போதும்.

பள்ளிப் பிள்ளைகளும் வெளிநாட்டு அழைப்பும் உள்ள குடும்பம்: ஃபைபர். 30 முதல் 50 எம்பிபிஎஸ் திட்டமே பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். பயன்படுத்தாத 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாதந்தோறும் கட்டுவதும் வீண்விரயமே.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், வீட்டிலிருந்து வகுப்பு நடத்தும் ஆலிமா: பதிவேற்றம் சமமாகத் தரும் ஃபைபர், துணைக்கு வேறு நிறுவனத்தின் சிம் கார்டு ஒன்று. ஒன்று அறுந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

ஃபைபர் வராத தெரு, வாடகை வீடு: ஏர்ஃபைபர்.

இணைப்பு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்குமா? பதிவேற்ற வேகம் எவ்வளவு? மாத டேட்டா வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு? ரௌட்டர் நமக்குச் சொந்தமா, திருப்பித் தர வேண்டுமா? முன்பணம் திரும்புமா? ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று மொத்தமாகக் கட்டினால் இடையில் நிறுத்த முடியுமா? மின்தடையில் உங்கள் பக்கத்துக் கருவிகளுக்கு பேட்டரி உண்டா? கடைசிக் கேள்வி முக்கியமானது. நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் தெருமுனைக் கருவி நின்றுவிட்டால் இணையம் வராது.

எதற்கும் முதலில் ஒரு மாதத் திட்டம் எடுத்துப் பாருங்கள். பரிசோதிக்கும் நேரமும் முக்கியம். சவூதியில் இரவு 8 மணி என்றால் இங்கே 10.30, துபாயில் 8 என்றால் இங்கே 9.30. வாப்பா அழைக்கும் நேரமும் ஊரே படம் பார்க்கும் நெரிசல் நேரமும் ஒன்றுதான். காலையில் வேகத்தைச் சோதித்து மகிழ்வதில் பொருளில்லை, இரவில் சோதியுங்கள்.

இணையம் வரவில்லை என்றால்

முதலில் ஃபைபர் கருவியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற எழுத்துகளுள்ள விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். உடனே நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த விளக்கு சரியாக இருந்தால் கருவியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகும் மெதுவாக இருந்தால் ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று சோதியுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்து அறையில் குறைந்தால் கோளாறு வைஃபையில். அங்கேயும் குறைவென்றால் கோளாறு நிறுவனத்தின் பக்கம். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போகலாம்.

பொறுப்பும் அமானிதமும்

பக்கத்து வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு எப்படியோ தெரிந்துவிட்டது என்பதற்காக அவர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துவது, அவர்கள் காசு கொடுத்து வாங்கியதை எடுப்பதுதான். கேட்டு வாங்கினால் அது அண்டை வீட்டாரின் நல்லுறவு. அதேபோல நம் பாஸ்வேர்டையும் கண்டவருக்கும் கொடுக்கக் கூடாது. நம் இணைப்பில் இன்னொருவர் குற்றம் செய்தாலும் விசாரணை முதலில் நம் வாசலுக்குத்தான் வரும். ரௌட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ரௌட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்ற எண்ணை இட்டால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசக் குடும்ப வடிகட்டி ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் தடுக்கும். ஆனால் பிள்ளை அலைபேசியில் சொந்த டேட்டாவுக்கு மாறினால் இந்தத் தடை வேலை செய்யாது. எனவே வடிகட்டியை மட்டும் நம்பாமல், கூடத்தில் எல்லோரும் இருக்கும் இடத்தில் பயன்படுத்தும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

"உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், ஓடிபி சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பு மோசடி. எந்த நிறுவனமும் ஓடிபி கேட்காது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை அழைப்பு உறைந்து நின்றால் திட்டத்தை மாற்றும் முன், பழுது வீட்டுக்குள்ளா, தெருவிலா, கடலிலா, அக்கரை நாட்டிலா என்று வரிசையாகப் பாருங்கள். முதலாவது நம் கையில் இருக்கிறது. ஒரு மேசையை நகர்த்தினாலே அது தீர்ந்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.